வெடிச்சத்தம் நுழையாத அறை

இந்த வருடத் திருவிழாவில் ஒரு வெடிச்சத்தம்கூட என் காதில் விழாது என்று, விழாவுக்கு ஒன்பது வாரம் இருக்கும்போதே, காபி டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்துச் சபதம் செய்தேன். டம்ளர் அப்போதே நசுங்கியது. சபதம் நசுங்க ஒன்பது வாரம் ஆயிற்று.

எந்தச் சாமியின் திருவிழா என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் என்னை எதிரி என்பீர்கள், மீதிப் பேர் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டு மாலையோடு வந்து நிற்பீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். எனக்கு எந்தக் கடவுளோடும் தகராறு கிடையாது. அவர் பாட்டுக்கு அவர் இருக்கிறார். அவருக்குக் கேட்க வேண்டும் என்று தெருவில் வெடி வைக்கிறவர்களோடுதான் தகராறு.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிறவன். இருபத்தாறு வருட சர்வீஸ். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்னக் கூண்டுக்குள் வந்தவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் தாளில் கோடு போடுவேன். எட்டு மணி நேரம் வாயைத் திறக்க முடியாது. நான் தொண்டையைக் கனைத்தால்கூட உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்திவிடுவார். அப்படி அடக்கிவைத்த பேச்சையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டில்தான். வீடு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே.

என் மனைவிக்கு ஒரு பஸ் கம்பெனியில் வேலை. விசாரணைக் கவுண்டர். எட்டு மணி நேரம் கண்ணாடி ஓட்டை வழியாக ஊரார் கத்துவதைக் கேட்டு, "மூணாவது பிளாட்பாரம், அஞ்சேகாலுக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி. எனக்குப் பேச்சு சேர்ந்துவிடும், அவளுக்குக் கேட்டுப் பழக்கம். கடவுள் பார்த்துப் போட்ட முடிச்சு என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடத் திருவிழாவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் காலை, ஜன்னல் ஓரமாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டயர் கடைக்காரர் தன் வாசலில் ஒரு வெடியைக் கொளுத்திவிட்டு ஓடினார். அரைப்படி அளவுக்கு ஒரு வெடி. அது வெடித்தபோது நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நினைவு வந்தபோது கட்டிலுக்கு அடியில், வாயில் பிரஷ்ஷோடு, ஒற்றைச் செருப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. டயர் கடைக்காரர் பார்த்தார். அவர் மனைவி பார்த்தார். விழாவுக்கு வந்திருந்த அவர் மச்சினன் பார்த்துவிட்டு, பார்க்காதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. கட்டிலடியார்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரியுங்கள், தெருவே சிரித்த பிறகு உங்களுக்கு மட்டும் என்ன தடை? ஆனால் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் என் நெஞ்சு படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் நடுங்குகிற ஆளாக இருப்பது வேடிக்கை இல்லை. இந்த வருடமும் கட்டிலடிக்குப் போனால், அப்புறம் இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

முதலில் நல்ல முறையில் கேட்டுப் பார்ப்போம் என்று டயர் கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கை கூப்பினார்.

"சாமி காரியம் சார். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"உங்க சாமிக்குக் காது மந்தமா? சொல்லுங்க. கூட்டிட்டு வாங்க, நான் டெஸ்ட் பண்றேன்."

"சாமியைக் கிண்டல் பண்ணாதீங்க சார்."

"சாமியை இல்லை. உங்களைத்தான்."

"அப்ப சரி" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, உங்க கடையில ஒரு டயர் வெடிச்சா ரோட்டுக்கு ஓடி வர்றீங்க. அந்தச் சத்தம் மட்டும் ஆகாது, இந்தச் சத்தம் ஆகுமா?"

"அது நஷ்டம் சார். இது சந்தோஷம்."

எழுந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். "காதுல பஞ்சு வெச்சுக்கங்க சார். அப்படியும் முடியலைன்னா கட்டில் இருக்கவே இருக்கு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமான அக்கறை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மனைவி கொடுத்த இரண்டாவது காபியை வாங்கித்தான் அந்த டம்ளரை மேஜையில் வைத்தேன். அவள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டயர் கடைக்காரர் சொன்னதையும், நான் சொன்னதையும், நான் சொல்லியிருக்க வேண்டியதையும் முக்கால் மணி நேரம் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நான் ஒரு ரூம் கட்டப் போறேன்" என்றேன்.

"ம்."

"பின்னாடி ரூம் இருக்கில்ல, அதுக்குள்ள இன்னொரு ரூம். எங்க ஆஸ்பத்திரிக் கூண்டு மாதிரி. திருவிழா நாலு நாளும் நான் அதுக்குள்ளதான். வெளியில என்ன நடந்தாலும்..."

"கேக்காதா?"

"கேக்காது."

"உள்ள இருக்கிறவங்களுக்கு, வெளிய பேசறது?"

"எதுவுமே கேக்காதுங்கறேன்!"

கத்தியைக் கீழே வைத்தாள். இருபத்துநாலு வருடத்தில் நான் எத்தனையோ திட்டம் போட்டிருக்கிறேன். மொட்டை மாடியில் வெள்ளரி போட்டிருக்கிறேன், கொசுவுக்குப் பொறி வைத்திருக்கிறேன். என் யோசனைக்காக அவள் கத்தியைக் கீழே வைத்தது அன்றுதான்.

"எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

பின்னறை எங்கள் வீட்டுக் குப்பைக் கிடங்கு. செயின் இல்லாத சைக்கிள், தையல் மிஷின், மூடி தொலைந்த பாத்திரங்கள், அவள் அம்மா கொடுத்த டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டியை ஒரு அங்குலம் நகர்த்தச் சொன்னாலே அவளுக்கு முகம் சுருங்கும். மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது அறை காலி. பெட்டி பரண் மேல் இருந்தது. தரையைக் கழுவித் துடைத்தும் விட்டிருந்தாள். பெண்டாட்டி என்றால் இவளல்லவா என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், காரணம்தான் வேறு.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை நேரங்களிலும் வேலை நடந்தது. முதல் வாரம் சுவர் முழுக்க முட்டை அட்டைகளையும் பஞ்சுத் தகடுகளையும் ஒட்டினேன். பிடித்துக்கொள்ள அவள், ஒட்ட நான். முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காமல் எதையும் நம்புகிறவன் நான் இல்லை.

"ஒருத்தர் உள்ளே உக்காரணும். வெளியில ஒரு வெடி வெச்சுப் பாக்கணும்" என்றேன்.

"வெடிங்க."

"யாரு?"

"நீங்கதான்."

நான் பேச்சை மாற்றினேன். அவளும் வற்புறுத்தவில்லை. கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தாள்.

"வெடி வேண்டாம். வேற ஏதாவது சத்தம் போதும். பெரிசா இருக்கணும். விடாம வரணும். எப்ப வேணும்னாலும் கிடைக்கணும்..." உத்தரத்திலிருந்து பார்வையை என் பக்கம் இறக்கினாள். "ஏங்க, நீங்களே பேசுங்களேன்."

"நானா? என்ன பேசறது?"

"தினமும் பேசறதைத்தான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. என் குரலைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம். ஒரு பழைய காலிங் பெல்லைக் கழற்றி, பொத்தானை உள்ளேயும் மணியை வெளியேயும் வைத்து ஒயர் இழுத்தேன். ஆஸ்பத்திரியில் சொல்வதையே அவளிடமும் சொன்னேன்.

"கேட்டா அழுத்தணும். கேக்கலைன்னா அழுத்தக் கூடாது. எனக்காகப் பாவம் பாத்து அழுத்தாம விடறது, கேக்காமயே அழுத்தறது, ரெண்டும் தப்பு. நேர்மை முக்கியம்."

"பொய் அழுத்த மாட்டேங்க" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு, செய்தித்தாளைக் கையில் எடுத்து, படித்துப் படித்து அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வரி முடிவதற்குள் மணி அடித்தது; மூன்றாம் பக்கம்வரை அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்தேன்.

"என்ன கேட்டுது?"

"எல்லாம். மூணாம் பக்கத்துல பாலம் இடிஞ்சது வரைக்கும்."

சளைத்துவிடுகிற ஆளா நான்? இரண்டாம் வாரம் சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, இரட்டைப் பலகை வைத்து, நடுவில் பழைய கம்பளிகளைத் திணித்தேன். மறுபடி அவள் உள்ளே, நான் வெளியே. மணி அடித்தது.

"இப்ப?"

"வார்த்தை புரியல. ஆனா நீங்கதான்னு தெரியுது."

மூன்றாம் வாரம் கதவிடுக்கை அடைக்க ரப்பர் தேவைப்பட்டது. அதற்கு டயர் கடைக்காரரிடம்தான் போக வேண்டியிருந்தது. "எதுக்கு சார்?" என்றார். "கதவுக்கு" என்றேன். "கட்டிலுக்கு வெச்சாப் போதுமே" என்று சொல்லிவிட்டு, நல்ல ட்யூபாகப் பார்த்து, என் கதவின் அளவுக்கு அவரே நீளநீளமாக வெட்டியும் கொடுத்தார். எதிரி என்றால் முழு எதிரியாக இருந்து தொலைக்க வேண்டாமா? இவரை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கோபப்படவும் முடியவில்லை.

ரப்பர் வைத்த பிறகும் மணி அடித்தது.

"இப்ப என்ன?"

"நீங்கன்னு தெரியல. யாரோ யாரையோ குறை சொல்றாங்கன்னு மட்டும் தெரியுது."

"வார்த்தையே புரியலைன்னா குறைன்னு எப்படித் தெரியும்?"

"ராகம் தெரியுமேங்க."

நான்காம் வாரம் உத்தரம். ஐந்தாம் வாரம் தரையில் கம்பளம், அதற்கு மேல் இன்னொரு கம்பளம். காற்று வர ஒரு வளைந்த குழாய், அதில் சின்ன விசிறி. நடுநடுவே அவளும் யோசனை சொன்னாள். எல்லாம் என் நல்லதுக்கென்றே சொன்னாள். "உள்ள தாழ்ப்பாள் வேண்டாமா? நீங்க நிம்மதியா உக்காந்திருக்கும்போது யாராவது திறந்துட்டா?" வைத்தேன். "வெறும் விளக்கு கண்ணைக் குத்தும், மேஜை விளக்கு ஒண்ணு இருக்கட்டும்." வைத்தேன். நாற்காலியை அவளே கடைக்குப் போய், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து வாங்கி வந்தாள். அதில் உட்கார்ந்தால் என் முழங்கால் மார்புக்கு வந்தது. "பழகிடும்" என்றாள். என்மேல் இத்தனை அக்கறை இவளுக்கு எங்கே ஒளிந்திருந்தது என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

ஆறாம் வாரம் இரண்டாவது கதவு போட்டேன். ஒன்றைச் சாத்தி, அதற்கு மேல் இன்னொன்றைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுவதுபோல் 'பப்' என்று ஒரு காற்றுச் சத்தம் வரும். அவள் உள்ளே போனாள். நான் செய்தித்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, எனக்குப் பிடித்த விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். வெடி. வெடியால் வரும் கேடு. போன வருடம் நடந்தது. அதற்கு முந்தின வருடம் நடந்தது. டயர் கடைக்காரர், அவர் மச்சினன், பொதுவாக மச்சினன்கள்.

மணி அடிக்கவில்லை. குரலை உயர்த்தினேன். அடிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து டயர் கடைக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், யாரைத் திட்டறீங்க?"

"திட்டல. டெஸ்ட் பண்றேன். கேக்குதான்னு."

"நல்லாக் கேக்குது சார்" என்றார், உதவியாக.

முப்பத்தைந்து நிமிடம் பேசிவிட்டு, தொண்டை வறண்டு, இரண்டு கதவையும் திறந்தேன். என் மனைவி அந்த நாற்காலியில் சாய்ந்து, கால் நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பொத்தான் கையிலேயே இருந்தது. அந்த முகத்தில் இருந்த அமைதியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எப்பங்க பேச ஆரம்பிப்பீங்க?" என்றாள்.

நான் அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன். வெற்றி! அவளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. இருவரும் ஒரே விஷயத்துக்குத்தான் சந்தோஷப்படுகிறோம் என்று நினைத்தேன் நான்.

மீதி இருந்த மூன்று வாரமும் அவள் சோதனையை நிறுத்தவில்லை. "ரப்பர் தளர்ந்துடக் கூடாதில்ல, தினமும் பாக்கறது நல்லது" என்பாள். கவுண்டரிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, நேரே உள்ளே போய்விடுவாள். தினம் ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்று நான் பேச, உள்ளே உட்கார்ந்து அவள் கேட்காமல் இருப்பாள். எனக்கும் அது பிடித்துத்தான் போயிற்று. நடுவில் எழுந்து போகாத, கொட்டாவி விடாத ஒரு கதவு.

விழாவின் முதல் நாள் காலை வந்தது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். டயர் கடைக்காரர் தன் வாசலில் வெடிகளைச் சின்னது, பெரியது என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எவ்வளவு வேணும்னாலும் வெடிங்க" என்றேன்.

"நிஜமாவா சார்? உங்களுக்காகத்தான் சின்னதையே முதல்ல எடுத்து வெச்சேன்."

"எனக்காகப் பாக்காதீங்க. இருக்கறதுலயே பெரிசை எடுங்க."

"பெருந்தன்மை சார் உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிளாஸ்க்கில் காபி, கையில் ஒரு தடிமனான புத்தகம். மனைவியிடம் ஒரு வெற்றிப் பார்வை. உள்ளே போனேன். முதல் கதவு. இரண்டாவது கதவு. 'பப்.' தாழ்ப்பாள். அடடா! மிக்ஸி கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை, என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. முழங்காலை மார்புக்கு நேராக மடக்கி உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.

தும்.

மாடியில் யாரோ பீரோவைக் கீழே போட்டதுபோல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

தும். தும்.

எனக்கு வியர்த்தது. விஷயம் மண்டையில் உறைக்க ஒரு நிமிடம்தான் ஆயிற்று. சத்தத்தில் மெலிசு உண்டு, தடிமன் உண்டு. மனுஷப் பேச்சு மெலிசு. பஞ்சும் பலகையும் அதை அப்படியே விழுங்கிவிடும். வெடி தடிமன். அது காற்றில் மட்டுமா வருகிறது? தரையில் இறங்கி, சுவரில் ஏறி, நாற்காலிக் கால் வழியாக வந்து முதுகுத்தண்டில் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிக் கூண்டு அதற்காகத்தான் தரையைத் தொடாமல் ஸ்பிரிங் மேல் நிற்கிறது. இருபத்தாறு வருடமாக அந்த ஸ்பிரிங்கைத் தாண்டித்தான் தினமும் கால் வைக்கிறேன். ஒன்பது வாரம் பேச்சை மட்டுமே வைத்துச் சோதித்து, பேச்சு மட்டுமே நுழையாத ஓர் அறையைக் கட்டியிருக்கிறேன். அதுவும் ஒரே ஒரு ஆளின் பேச்சு.

வெளியில் இருந்தாலாவது திரி சீறுவது கேட்கும், பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடுவது கேட்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அந்த முன்னறிவிப்பெல்லாம் வடிகட்டப்பட்டு, இடி மட்டும் சுத்தமாக வந்து இறங்கியது. பதினோரு வெடிவரை பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பன்னிரண்டாவது, இருப்பதிலேயே பெரிசு. நான் நாற்காலிக்கு அடியில் பாய்ந்தேன். அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய குட்டை நாற்காலி. தலை மட்டும்தான் போயிற்று.

தலையை உருவிக்கொண்டு, சட்டை நனைந்து, தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தேன். என் மனைவி கதவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தலையணை. மறு கையில் தண்ணீர் பாட்டில். கை இடுக்கில் ஒரு வாரப் பத்திரிகை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"எல்லாம் போச்சு. ஒன்பது வார உழைப்பு மண்ணாப் போச்சு. உள்ள கேக்குது."

"என்ன கேக்குது?"

"வெடி! வேற என்ன கேக்கும்?"

"நான் கதவைத் தட்டிக் கூப்பிட்டேனே, அது?"

"அது கேக்கல."

"அடுப்படியில நின்னு கத்தினேன்."

"அதெல்லாம் சுத்தமாக் கேக்கல. கேக்கக் கூடாதது மட்டும்தான் கேக்குது. நாளைக்கே பிரிச்சு எறிஞ்சிடறேன்."

"பிரிக்க வேண்டாம்." குரலில் ஓர் அவசரம். "உங்களுக்கு இந்த ரூம் இனிமே உபயோகமில்லைதானே?"

"எனக்கு எதுக்கு இந்தக் கர்மம்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"வேண்டாம், வேண்டாம், வேண்டாம்!"

"அப்ப நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லி என்னைக் கடந்து உள்ளே போனாள்.

தலையணையை நாற்காலி முதுகில் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மேஜை விளக்கைப் போட்டாள். வெளிச்சம் அவள் பத்திரிகையின் மேல் விழுந்தது. உட்கார்ந்தாள். பாதம் தரையில் அழகாகப் பதிந்தது. அந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது என்று, கட்டிய நான் அப்போதுதான் பார்த்தேன்.

"அடிப்பாவி! அப்ப அஞ்சு வாரம் கேக்குது கேக்குதுன்னு மணி அடிச்சியே, அது..."

"கேட்டப்ப அடிச்சேன். கேக்காதப்ப அடிக்கல. ஒரு தடவைகூடப் பொய் அழுத்தலங்க."

"என் பேச்சு உனக்கு அவ்வளவு கசந்துபோச்சா?"

அவள் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. கவுண்டரில் பேசுகிற அதே நிதானத்தில் பேசினாள்.

"எட்டு மணி நேரம் கேட்டுட்டு வர்றேன். செருப்பைக் கழட்டறதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சுடறீங்க. இதுல வெடி வேற. இந்தத் தெருவுல வெடிக்கற வெடியைவிட நீங்க சொல்லி நான் கேட்ட வெடி அதிகம். நான் கடைசியா ஒரு விஷயத்தை முழுசா சொல்லி முடிச்சது எப்பன்னு..."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று குறுக்கே விழுந்தேன்.

நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு அந்த நொடி நிஜமாகவே வலித்தது. வெடிக்குத் துடித்த நெஞ்சு இப்போது வேறு மாதிரித் துடித்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கடைசியாக ஒரு கேள்வி என்னிடம் பாக்கி இருந்தது. அதில் அவள் மடங்கித்தான் ஆக வேண்டும்.

"சரி, என்னை விடு. அந்த வெடி? உள்ள இடி மாதிரி இறங்குதே, நான் பட்டுட்டு வந்து சொல்றேன். அதை எப்படிப் பொறுத்துக்குவே?"

அவள் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்னங்க, அது நாலு நாள்ல ஓய்ஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டாள்.